பீக்கரில் ஓடிய சென்ஸர் சுண்டெலிக்குள் ஏன் படுத்துவிடுகிறது?

ஒரு ஆராய்ச்சி மாணவர் கேட்டது: "பிளாட்டினக் கம்பியின் மேல் நொதி பூசி ஒரு குளுக்கோஸ் சென்ஸர் செய்திருக்கிறேன். பீக்கரில் நேர்கோடு அருமையாக வருகிறது. இதைச் சிறிதாக்கி, ஒரு வயர்லெஸ் சிப்போடு சேர்த்து, சுண்டெலியின் தோலுக்கடியில் வைத்து ஒரு மாதம் தொடர்ந்து அளக்க முடியுமா? கைடு முடியும் என்கிறார்."

கைடு சொல்வது பொய்யில்லை. செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கால அட்டவணையில் சென்ஸருக்கு எட்டு மாதமும் எலிக்கு ஒரு மாதமும் ஒதுக்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். நானும் முதல் தடவை உங்களைப் போலத்தான் போட்டேன்.

எதற்காக இந்தப் பாடு என்பதை முதலில் பார்த்துவிடலாம். விலங்கு நெறிமுறைக் குழுவிலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். வளர்ந்த சுண்டெலி சுமார் 25 கிராம் இருக்கும். அதன் உடம்பிலுள்ள மொத்த ரத்தமே இரண்டு மில்லி தேறாது. ஒரே தடவையில் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது அதில் பத்தில் ஒரு பங்கு. வால் நுனியில் ஒரு சொட்டு எடுத்து மருந்துக்கடை குளுக்கோமீட்டரில் பார்க்கலாம்தான், ஆனால் கையில் பிடித்தாலே பயத்தில் அதற்குச் சர்க்கரை ஏறிவிடும். அதோடு சுண்டெலி ராத்திரிப் பிராணி. நாம் காலை பத்து மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் அளப்பது அது சுருண்டு தூங்கும் நேரம். அது ஓடி, தின்று, சண்டை போடுகிற நேரத்து எண்கள் நம் நோட்டில் பெரும்பாலும் இருப்பதே இல்லை. உள்ளே வைத்த சென்ஸர் இந்த மூன்றையும் ஒரே அடியில் தீர்க்கிறது. பத்து விலங்கில் பொறுக்கிச் சேர்க்கும் தரவை இரண்டு மூன்றில் எடுத்துவிடலாம் என்பதால், ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் விலங்கு ஆய்வுக்கென முன்வைத்த மூன்று கொள்கைகளில் எண்ணிக்கைக் குறைப்பு, துன்பக் குறைப்பு இரண்டுக்கும் இது பதில் சொல்கிறது. இந்தியாவில் விண்ணப்பம் எழுதும்போது இந்தக் கணக்கைத் தெளிவாகக் காட்டுங்கள்.

வேதியியல் உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். அலபாமாவில் லேலண்ட் கிளார்க் 1962இல், தன்னுடைய பழைய ஆக்சிஜன் மின்முனையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியை வைக்கலாம் என்று சொன்னதில் ஆரம்பித்த கதை. நொதி குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்குகிறது. பிளாட்டினத்தில் சுமார் 0.6 வோல்ட் கொடுத்தால் அந்தப் பெராக்சைடு எலக்ட்ரான்களை விடுகிறது. கிடைக்கும் மின்னோட்டம் சில நானோ ஆம்பியர். அறுபது வருடத்துக்குப் பிறகும் அடிப்படை அதே.

இனி எலிக்கு வருவோம். மூன்று வாரம் கழித்து நாங்கள் முதன்முதலில் வெளியே எடுத்த சென்ஸர் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் நான்கு நாள் ஒழுங்காகக் காட்டியது, பிறகு சிக்னல் சரிந்துகொண்டே வந்து இரண்டாம் வாரக் கடைசியில் கிட்டத்தட்ட செத்துவிட்டது. நொதி போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தோலைத் திறந்தால், கம்பியைச் சுற்றி வெள்ளையாக ஒரு உறை. அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டு வருமே, அந்தத் தோல் மாதிரி. கொஞ்சம் தடிமன் அதிகம், ரத்தக் குழாய் ஒன்றும் கண்ணில் படவில்லை. இடுக்கியால் அதை உருவி எடுத்து, கம்பியை உப்புக் கரைசலில் கழுவி, சும்மா பார்ப்போமே என்று பீக்கரில் போட்டோம். பழைய உணர்திறனில் பெரும்பகுதி திரும்ப வந்துவிட்டது. செத்துப்போனதாக நாங்கள் நினைத்த சென்ஸர் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, குளுக்கோஸ்தான் அதை எட்டவில்லை. இது எங்களுக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை, இந்த வேலை செய்கிற பலரும் கண்டதுதான்.

உடம்பு இதை வேண்டுமென்றே செய்கிறது. எதை உள்ளே வைத்தாலும் சில நிமிடங்களில் புரதங்கள் வந்து ஒட்டும். அடுத்து நியூட்ரோஃபில்கள், பின்னாலேயே மேக்ரோபேஜ்கள், இரண்டும் அந்நியப் பொருளை விழுங்கும் வெள்ளணுக்கள். விழுங்க முடியாத அளவுப் பொருள் என்று தெரிந்ததும் மேக்ரோபேஜ்கள் ஒன்றோடொன்று இணைந்து ராட்சத செல்களாகின்றன. அப்புறம் நார்செல்கள் வந்து கொலாஜன் என்ற நார்ப் புரதத்தால் சுவர் எழுப்பி அந்த இடத்தையே உடம்பிலிருந்து பிரித்துவிடுகின்றன. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் சுவர் முடிந்துவிடும். நீங்கள் கேட்கிற ஒரு மாதம் சரியாக இதற்குள் மாட்டுகிறது. இதில் இன்னொரு வம்பும் உண்டு. சென்ஸரைச் சூழ்ந்து நிற்கும் மேக்ரோபேஜ்கள் தாங்களே குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் தின்கின்றன, தாங்களே பெராக்சைடையும் கக்குகின்றன. ஆக, நீங்கள் அளப்பது எலியின் சர்க்கரையா, அந்த முற்றுகைக்குள் மிச்சமிருக்கும் சர்க்கரையா என்ற கேள்வி எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும்.

இதற்கு வைத்தியம் பார்த்தவர்கள் ஏராளம். மிச்சிகனில் மார்க் மேயர்ஹாஃப் குழுவும் வட கரோலினாவில் மார்க் ஷோன்ஃபிஷ் குழுவும் நைட்ரிக் ஆக்சைடைக் கசியவிடும் பூச்சுகளில் பல வருடம் வேலை செய்திருக்கிறார்கள். டெக்ஸாமெத்தசோனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிட்டு அழற்சியை அடக்குவது இன்னொரு வழி. மனிதர்களுக்கு வரும் எவர்சென்ஸ் சென்ஸர் அப்படித்தான் மாதக்கணக்கில் தாங்குகிறது, ஆனால் அது ஒளிரும் பாலிமரை வைத்து அளப்பது, நம் மின்வேதி வகையறா இல்லை. சுண்டெலியில் டெக்ஸாமெத்தசோன் போடுமுன் ஒரு தடவை யோசியுங்கள். அது ஸ்டீராய்டு, சர்க்கரையை ஏற்றும். 25 கிராம் உடம்பில் "கொஞ்சம்" என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டாக வேண்டும்.

அடுத்தது ஆக்சிஜன். பீக்கரில் இது உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது, காற்றுபட்ட கரைசலில் தாராளமாக இருக்கும். திசுவுக்குள் கதை வேறு. குளுக்கோஸ் ஐந்து முதல் பத்து மில்லிமோலார் வரை இருக்க, கரைந்த ஆக்சிஜன் அதில் சுமார் நூறில் ஒரு பங்குதான். நொதிக்கு இரண்டும் ஒன்றுக்கு ஒன்று வேண்டும். வெளிச்சவ்வு ஒன்று போட்டு குளுக்கோஸை இறுக்கிப் பிடித்து, ஆக்சிஜனைத் தாராளமாக விடாவிட்டால், சர்க்கரை ஏற ஏற உங்கள் சென்ஸர் ஆக்சிஜனைத்தான் அளந்துகொண்டிருக்கும். பாலியூரித்தேன் சவ்வை எல்லோரும் கட்டிக்கொண்டு அழுவது இதற்காகத்தான். இதில் மாட்டும் புதியவர்கள் பெரும்பாலும் மயக்க மருந்து நேரத்தில் மாட்டுவார்கள். ஐசோஃப்ளூரேனைச் சுத்த ஆக்சிஜனில் கலந்து கொடுக்கும்போது திசுவில் ஆக்சிஜன் ஏறும், சென்ஸர் பிரமாதமாக வேலை செய்யும். கூண்டில் விட்டதும் இறங்கும். ஐசோஃப்ளூரேன் எலிகளுக்குச் சர்க்கரையையும் ஏற்றும் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. அறுவை மேசையில் எடுத்த எண்ணை வைத்து அளவுதிருத்தம் செய்யாதீர்கள்.

இந்தத் தொல்லையையே அளவீடாக மாற்றியவர் சான் டியாகோவில் டேவிட் காஃப். நொதி உள்ள மின்முனை ஒன்று, இல்லாதது ஒன்று என்று வைத்து, நொதி எவ்வளவு ஆக்சிஜனைத் தின்றது என்ற வித்தியாசத்தை அளந்தார். பெராக்சைடைக் கேட்டலேஸ் நொதி அங்கேயே அழித்துவிடும். 2010இல் அவர் குழு வெளியிட்ட முடிவில் இரண்டு பன்றிகளுக்குள் அந்தக் கருவி 222 நாளும் 520 நாளும் ஓடியிருந்தது. பேட்டரி, ரேடியோ எல்லாம் உள்ளேயே. பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட உற்சாகம், அளவைப் படித்ததும் வடிந்தது: 3.4 செ.மீ. விட்டம். சுண்டெலிக்கு அது சென்ஸர் இல்லை, இன்னொரு சுண்டெலி.

இன்னொரு வழி ஆக்சிஜனை நம்பாமலிருப்பது. ஆடம் ஹெல்லர் டெக்சாஸில் வளர்த்த ஆஸ்மியம் பாலிமர், நொதியிலிருந்து எலக்ட்ரானை நேராக மின்முனைக்குக் கடத்திவிடும். கையில் ஒட்டிக்கொள்ளும் ஃப்ரீஸ்டைல் லிப்ரேவில் இருப்பது அந்த வழிவந்த வேதியியல்தான். கால்நடை மருத்துவர்கள் அதையே நாய்க்கும் பூனைக்கும் ஒட்டிப் பார்க்கிறார்கள். கொடுக்கும் மின்னழுத்தம் குறைவு என்பதால் குறுக்கீடும், அதாவது வேறு பொருள்கள் தரும் பொய் சிக்னலும், குறைகிறது.

குறுக்கீடு என்றதும் கான்சாஸ் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1973இல் ரால்ஃப் ஆடம்ஸ் குழு எலியின் மூளைக்குள் கார்பன் மின்முனையை வைத்து அளந்தார்கள். டோபமைன் வகையறா மூளை வேதிப்பொருள் என்று முதலில் எண்ணப்பட்ட வரைபடத்து மேடு, பெரும்பாலும் வைட்டமின் சி என்று பின்னால் தெரிந்தது. எலிகளுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுக்க வேண்டியதில்லை, தங்கள் ஈரலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கும் கினிப்பன்றிக்கும் அந்த வசதி கிடையாது. 0.6 வோல்ட்டில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாராசிட்டமால் மூன்றும் மின்முனையில் எரிந்து எலக்ட்ரான்களை விடும். அறுவைக்குப் பிறகு வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு "சர்க்கரை ஏறுகிறது" என்று எழுதியவர்கள் உண்டு. இவற்றை மறிக்க நாஃபியான் அல்லது பாலிஃபீனைலீன்டையமின் என்ற பாலிமர் படலம் ஒன்று உள்ளே போடுங்கள். நொதி இல்லாத வெற்று மின்முனை ஒன்றைக் கட்டாயம் பக்கத்தில் வையுங்கள்.

அந்த வெற்று மின்முனை எங்களை ஒரு பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றியது. ஒரு தடவை சிக்னல் தினமும் சீராக ஏறிக்கொண்டே போனது. சர்க்கரை நோயுள்ள எலி, ஆகவே சரியாகத்தான் வருகிறது என்று ஆய்வகமே குதூகலித்தது. நல்ல வேளையாக ஒரு மாணவி வெற்று மின்முனையின் கோட்டையும் அதே படத்தில் வரைந்தாள். அதுவும் அதே சரிவில் ஏறியிருந்தது. கணக்கு எளிது: 0.6 வோல்ட்டில் 60 மெகா ஓம் கசிவு இருந்தால் ஓடுவது 10 நானோ ஆம்பியர், அதாவது உங்கள் சென்ஸரின் மொத்த சிக்னல் அளவு. 60 மெகா ஓம் என்பது சாதாரண மின்னணு வேலையில் "இணைப்பே இல்லை" என்று விட்டுவிடும் மதிப்பு. பற்றுவைத்த இடத்தில் எப்பாக்சிக்கு அடியில் ஈரம் மெல்ல ஏறினாலே போதும். எப்பாக்சியும் சிலிகானும் தண்ணீரை ஒழுகவிடாமல் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. பற்றுவைத்ததும் ஃப்ளக்ஸ் என்ற பற்றுப்பசையைச் சுத்தமாகக் கழுவி, காயவைத்து, பாரிலீன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் படிய வைத்து, அதன் மேல் மருத்துவத்தர சிலிகான். ஒரு படியைத் தாண்டினால் இரண்டாம் வாரத்தில் அது உங்களைத் தேடி வரும்.

வெப்பநிலையையும் கூடவே அளந்துவிடுங்கள். பட்டினி போட்ட சுண்டெலி செலவைக் குறைக்க டார்ப்பர் என்ற அரை உறக்கத்துக்குள் போகும், அப்போது உடல் வெப்பம் 31 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். நம் விலங்கறையின் 22 டிகிரியே அதற்குக் குளிர்தான். வெப்பம் இறங்கினால் நொதியின் வேகம் குறையும், சவ்வின் வழியாக ஊடுருவுவதும் குறையும். பட்டினியில் சர்க்கரை உண்மையாகவே குறையும் நேரமும் அதுவே. எது எவ்வளவு என்று பிரிக்க இரண்டு ரூபாய் தெர்மிஸ்டர் ஒன்று போதும், அது இல்லாமல் பிரிக்கவே முடியாது.

இப்போது வயர்லெஸ். எடையிலிருந்து ஆரம்பிப்போம். உடல் எடையில் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, பத்தைத் தாண்டவே கூடாது என்பது நடைமுறை. 25 கிராமில் அது ஒன்றேகால் கிராம் முதல் இரண்டரை கிராம். இரண்டு கிராம் கருவி என்றால், 60 கிலோ ஆள் ஐந்து கிலோ மூட்டையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நடமாடுவதற்குச் சமம். ஒரு கிராமுக்கும் குறைவான பொத்தான் பேட்டரியில் சுமார் 30 மில்லி ஆம்பியர்-மணி கிடைக்கும். சராசரியாக 30 மைக்ரோ ஆம்பியருக்குள் சமாளித்தால் ஆயிரம் மணி நேரம், நாற்பது நாள் ஓடும். மின்முனைக்கு வோல்ட் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் பகுதி இதற்குள் அடங்கிவிடும், தின்பது ரேடியோதான். ஆகவே நிமிடத்துக்கு ஒரு எண் அனுப்புங்கள், நொடிக்கு நூறு வேண்டாம். சர்க்கரை அவ்வளவு வேகமாக ஓடாது. தோலடித் திசுநீர் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே வரும் என்பதால் அவசரப்பட்டும் லாபமில்லை.

பேட்டரியே வேண்டாம் என்றால் காந்தத் தூண்டலில் வெளியிலிருந்து மின்சாரம் ஊட்ட வேண்டும். காகிதத்தில் அழகான யோசனை. ஆனால் தூரம் கூடக் கூட இணைப்பு பயங்கரமாக விழும். அதைவிடப் பெரிய தொல்லை, சுண்டெலி சும்மா இருக்காது. கூண்டுக்கடியில் சுருள் வைத்திருக்கிறீர்கள், அது பின்னங்காலில் எழுந்து மூடியை மோப்பம் பிடிக்கிறது, உள்ளே இருக்கும் சுருள் 90 டிகிரி திரும்பிவிட்டது, மின்சாரம் பூஜ்யம். சுவிட்சர்லாந்தின் லோசானில் ஜியோவானி டி மிக்கேலி, சாண்ட்ரோ கரரா இருவரின் குழு இந்த விஷயத்தில் நிறைய உழைத்திருக்கிறது. தோலின் மேல் ஒட்டும் பட்டையிலிருந்து மின்சாரம் அனுப்பும் வேலையில், காற்றில் 6 மி.மீ. தூரத்தில் 15 மில்லிவாட் கிடைத்தது, நடுவில் 17 மி.மீ. தடிமனான மாட்டிறைச்சித் துண்டை வைத்ததும் 1.17 மில்லிவாட்டாகியது. தூரமும் கூடியிருப்பதால் எல்லாப் பழியையும் இறைச்சி மேல் போட முடியாது. பல சென்ஸர்களோடு பிஎச், வெப்பநிலை அளவிகளையும் ஒரே தளத்தில் வைத்து, பாரிலீன், சிலிகான் பூசிச் சுண்டெலிக்கென்றே ஒரு கருவியை 2014இல் வெளியிட்டார்கள். அதே நிறுவனத்தில் இன்னொரு பக்கம், எலி எங்கே போகிறதோ அங்கே கூண்டுக்கடியில் சுருளே தண்டவாளத்தில் நகர்ந்து பின்தொடரும் கூண்டும் செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆடா பூன் குழு 2015இல் வேறு வழியில் போனது: கூண்டின் தரையையே ஒத்ததிர்வுப் பெட்டியாக்கி, சுண்டெலியின் உடம்பையே ஆற்றலை இழுத்துக்கொள்ளும் பொருளாக்கினார்கள். உள்ளே வைத்த கருவி 20 முதல் 50 மில்லிகிராம்தான். ஆனால் அது நரம்புக்கு ஒளி கொடுக்கும் கருவி, அளக்கும் சென்ஸர் இல்லை.

விலைக்கு வாங்க வழியில்லையா என்றால், உண்டு. டேட்டா சயன்சஸ் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க நிறுவனம் எலிக்கும் சுண்டெலிக்கும் குளுக்கோஸ் டெலிமெட்ரி, அதாவது உள்ளிருந்தே எண்களை ரேடியோவில் அனுப்பும் கருவி, விற்கிறது. சென்ஸர் நுனி தமனிக்குள்ளேயே போகிறது, ஓடும் ரத்தத்தில் இருப்பதால் கொலாஜன் சுவர்த் தொல்லையும் திசுநீர்த் தாமதமும் குறைவு. பதிலுக்கு அறுவை கடினம், நல்ல கை வேண்டும். மூளையில் குளுக்கோஸ், லாக்டேட், குளூட்டமேட் அளக்க கான்சாஸின் பினக்கிள் டெக்னாலஜி தலையில் மாட்டும் கருவி செய்கிறது. உங்கள் ஆய்வின் நோக்கம் எலியின் உடலியல் என்றால் வாங்குங்கள். சென்ஸர் செய்வதுதான் நோக்கம் என்றால் செய்யுங்கள். இரண்டையும் ஒரே முனைவர் பட்டத்தில் அடைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குளுக்கோஸைத் தாண்டி மருந்துகளை அளக்க ஆசை இருந்தால் நொதியை விட்டு ஆப்டமர் பக்கம் வாருங்கள். மருந்தைப் பிடித்ததும் மடங்கும் ஒரு டிஎன்ஏ இழை, அதன் நுனியில் மெத்திலீன் புளூ சாயம், மறுநுனி தங்கக் கம்பியில். மடங்கினால் எலக்ட்ரான் தாவும் வேகம் மாறும். சாண்டா பார்பராவில் கெவின் பிளாக்ஸ்கோ குழு 2017இல், விழித்து நடமாடும் எலிகளின் கழுத்துச் சிரையில் இதை வைத்து ஆன்டிபயாட்டிக்குகளும் புற்றுநோய் மருந்தான டாக்ஸோரூபிசினும் ஏறி இறங்குவதை நொடிக்கணக்கில் பார்த்தார்கள். ரத்தத்தில் சில மணி நேரத்திலேயே சிக்னல் நகரும், அதைத் திருத்த இரண்டு அதிர்வெண்களில் அளந்து கழிக்கிறார்கள். அளப்பது மணிக்கணக்கில்தான். உங்கள் ஒரு மாதத்துக்கு இது தாங்காது.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் சுண்டெலியை விட்டு, ரேட் (rat) எனப்படும் பெரிய ஆய்வக எலிக்குப் போவேன். 300 கிராம் உடம்பு, பத்து மடங்கு இடம், தவறுக்கும் இடம். அதற்கு முன் ஆறு சென்ஸர்களை 37 டிகிரியில் சீரத்தில் போட்டு, மின்னழுத்தத்தை நிறுத்தாமல் மூன்று வாரம் ஓடவிடுவேன். அதில் எத்தனை பிழைக்கின்றன என்று தெரியாமல் விலங்கைத் தொடக் கூடாது. கிருமிநீக்கத்துக்குச் சூடான நீராவியில் வைக்கும் ஆட்டோகிளேவ் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு எத்திலீன் ஆக்சைடு வாயு கேளுங்கள், நொதியை வேகவைத்துவிடாதீர்கள். நீக்கம் செய்த பிறகும் பீக்கரில் சரிபாருங்கள்.

பிறகு சர்க்யூட்டே இல்லாத போலிக் கருவி ஒன்று: அதே அளவு, அதே எடை, அதே சிலிகான், நுனியில் அதே சவ்வு. அதை மூன்று விலங்கில் வைத்து, தினமும் எடை பார்த்து, இரவில் ஓட்டத்தைக் கவனித்து, தையலைக் கூண்டுத்தோழன் கடித்துப் பிடுங்குகிறதா என்றும் பாருங்கள். கண்டிப்பாகப் பிடுங்கும். நான்காம் வாரம் சவ்வைச் சுற்றியுள்ள திசுவை வெட்டி, சாயமேற்றி, நோயியல் துறையில் தெரிந்தவர் யாரையாவது பிடித்து நுண்ணோக்கியில் காட்டச் சொல்லுங்கள். சுவர் எத்தனை மைக்ரான், பக்கத்தில் ரத்தக்குழாய் எவ்வளவு தூரத்தில் என்ற இரண்டு எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சவ்வையும் சிப்பையும் பற்றி நீங்கள் கைடோடு பேச வேண்டிய பேச்சு அந்த இரண்டு எண்கள் கையில் வந்த பிறகுதான்.